சொந்தக் காரைப் படிக்க யாருடைய அனுமதி?

மொன்ட்ரியாலில் குளிர்காலம் தொடங்கிவிட்டதை பனிக்கு முன்னால் சொல்லிவிடுவது கார் டாஷ்போர்டுதான். டிசம்பர் 1-க்குள் விண்டர் டயர் மாட்டியாக வேண்டும், அது கியூபெக் சட்டம். மாட்டிய மறுநாளே டயர் பிரஷர் விளக்கு எரிய ஆரம்பிக்கும். கார் பழுதில்லை, அந்த இரண்டாவது செட் சக்கரத்தில் சென்சாரே இல்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் 2008 மாடல் முதல் எல்லா கார்களுக்கும் கட்டாயமான இந்த வசதி, கனடாவில் கட்டாயமில்லை. அதனால் வசந்தம் வரும்வரை அந்த மஞ்சள் விளக்கோடு குடும்பம் நடத்தப் பழகிவிடுகிறோம்.

அந்தப் பழக்கம்தான் ஆபத்து. அடுத்து வேறொரு மஞ்சள் விளக்கு எரியும்போது, ஒன்று கண்டுகொள்ளாமல் ஓட்டுகிறோம், இல்லையென்றால் கராஜில் சொன்ன தொகையைக் கட்டிவிட்டு வருகிறோம். நம்மாட்களில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டு வழிதான் தெரியும். மூன்றாவது ஒன்று இருக்கிறது: கார் என்ன சொல்கிறது என்று நாமே படித்துப் பார்ப்பது.

நான் இருப்பது தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில். தமிழ் பேசும் மெக்கானிக் வேண்டுமென்றால் முப்பது கிலோமீட்டர் தள்ளி பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் போக வேண்டும். மைனஸ் இருபதில், எரியும் விளக்கு அவசரமா இல்லையா என்று தெரியாமல் நெடுஞ்சாலையில் அவ்வளவு தூரம் போவது நல்ல யோசனை இல்லை. ஸ்கேனர் வாங்கியதற்கு அதுதான் முதல் காரணம்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் 16 துளை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி-2 என்பார்கள். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும் கனடாவில் 1998 மாடலிலிருந்தும் கட்டாயம். காருக்குள் எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று சின்னச் சின்ன கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவை முறுக்கிய இரண்டே வயர்களில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். 'கேன்' என்ற இந்த முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்தியது. சாக்கெட்டின் 6-வது, 14-வது துளைகளில் அந்த உரையாடல் வந்து சேர்கிறது. 16-வது துளையில் பேட்டரி கரண்ட். நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. ஆபீஸில் லாக் ஃபைல் பார்க்கிறோமே, அதே வேலைதான்.

இருபது, முப்பது டாலருக்கு ப்ளூடூத் அடாப்டர் கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் 'எல்ம் 327' என்று அச்சடித்திருக்கும். அசல் எல்ம் ஒரு கனேடிய நிறுவனம். முதல் பதிப்பு சிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் வசதியை இயக்காமலே விற்றுவிட்டார்கள். உலகம் முழுக்க போலிகள் பெருகின. 2022-இல் எல்ம் கடையை மூடிவிட்டது. போலிகள் இன்னும் ஜோராக விற்கின்றன. எஞ்சின் கோடு படிக்க அது போதும். பிரேக், ஏர்பேக் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டுமென்றால், அந்த கம்ப்யூட்டர்களையும் படிக்கும் ஸ்கேனராகக் கேட்டு வாங்க வேண்டும். விலை நூறைத் தாண்டும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். டொலார்-டெ-ஓர்மோ முருகன் கோவில் பார்க்கிங்கில் தெரிந்த பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, மூண்டு லைட்டு ஒண்டா எரியுது. ஏபிஎஸ் மொடியூல் போட்டுது எண்டு கராஜில சொல்லிப்போட்டாங்கள். ரெண்டாயிரம் வருமாம்." ஏபிஎஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல் இரண்டும் எரிந்தன; மூன்றாவது குரூஸ் கண்ட்ரோல், அதுவும் வேலை செய்யவில்லை. "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க, பாத்துடலாம்" என்று ஸ்கேனரைச் செருகினேன். வலது பின்சக்கர வேக சென்சார் என்று ஒரு கோடு. லைவ் டேட்டாவைத் திறந்து வைத்து பார்க்கிங்குக்குள்ளேயே மெதுவாக ஓட்டச் சொன்னேன். மூன்று சக்கரம் 15 காட்டியது. நான்காவது பூஜ்யம்.

மூன்று விளக்குக்கும் காரணம் ஒன்றே. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்ற தகவலை வைத்துத்தான் மூன்று வசதிகளும் இயங்குகின்றன. ஒரு சென்சார் பொய் சொன்னால் மூன்றும் ஒதுங்கிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்த்தால், சாலையில் கொட்டும் உப்பு சென்சார் வயரின் கனெக்டரைப் பச்சையாக அரித்து வைத்திருந்தது. சென்சாரும் வயரும் நூறு டாலருக்குள். மாட்டியது வேறொரு மெக்கானிக்தான், நான் இல்லை. முதல் கராஜ்காரர் ஏமாற்றினாரா, சரியாகப் பார்க்காமல் சொன்னாரா, எனக்குத் தெரியாது. ஆனால் 'வலது பின்சக்கரம் பூஜ்யம் காட்டுகிறது' என்று சொல்லிக்கொண்டு உள்ளே போகும் வாடிக்கையாளரிடம் யாரும் மாட்யூல் விற்கப் பார்ப்பதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கோடு என்பது 'இந்தப் பாகத்தை மாற்று' என்ற உத்தரவு இல்லை. பி-0420 என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எதிர்பார்த்த அளவு வேலை செய்யவில்லை என்று கணக்கு சொல்கிறது. எக்ஸாஸ்டில் சின்ன ஓட்டையோ, ஆக்சிஜன் சென்சார் சோர்ந்திருப்பதோகூட அந்தக் கணக்கைக் குழப்பலாம். பி-0128 நம்மூர் ஜனவரியில் அடிக்கடி வருவது: எஞ்சின் போதிய சூட்டுக்கு வரவில்லை. பெரும்பாலும் திறந்தே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட். ஹீட்டரும் வெதுவெதுப்பாகத்தான் வரும். ஆனால் முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள், அதற்குக் காசு இல்லை. 'யு' என்று தொடங்கும் கோடுகள் பத்து வந்து நின்றால் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர்களுக்குள் பேச்சு அறுந்திருக்கிறது என்று அர்த்தம். குளிரில் பேட்டரி வோல்டேஜ் சரிந்தாலே இது நடக்கும்.

பழைய கார் வாங்கப்போகும் மாணவர்களுக்கு இந்த அடாப்டர் இன்னும் முக்கியம். இங்கே மக்டோனல்ட் கேம்பஸுக்கும் ஜான் அபட் கல்லூரிக்கும் வரும் பிள்ளைகள் மூவாயிரம், நாலாயிரம் டாலர் கார்களைத் தனியாரிடம் வாங்குகிறார்கள். விற்பவர் காலையில் கோடுகளை அழித்துவிட்டு, விளக்கு அணைந்த காரைக் காட்டலாம். அழித்த தடம் காருக்குள்ளேயே இருக்கும். 'ரெடினெஸ்' பக்கத்தில் சோதனைகள் முடியவில்லை என்று காட்டும். கோடு அழித்தபின் ஓடிய தூரம் என்று ஒரு எண்ணும் பல கார்களில் கிடைக்கும். அது 6 கிலோமீட்டர் என்றால் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி உங்களுக்குத் தெரியும். (நியாயமாகச் சொன்னால், புது பேட்டரி மாட்டியிருந்தாலும் ரெடினெஸ் அழிந்திருக்கலாம். இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள்.) டீலரிடம் வாங்கினால் கியூபெக்கில் காரின் வயதையும் ஓடிய தூரத்தையும் பொறுத்துச் சட்ட உத்தரவாதம் உண்டு. ஐந்து வருடத்தையோ 80,000 கிலோமீட்டரையோ தாண்டிய கார்களுக்கு அதுவும் கிடையாது.

இனி, இல்லாத வசதியைச் சேர்ப்பது. புதுப்பேட்டையில் தேடிப் பிடித்த பாகத்தை மாட்டினால் வேலை முடிந்தது என்ற காலம் போயிற்று. இன்று பாகத்தை மாட்டுவது பாதி வேலை, அது வந்திருக்கிறது என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது மீதி. சிலவற்றுக்குப் பாகமே வேண்டாம். கனடாவில் 1989 டிசம்பருக்குப் பிறகு தயாரான கார்களுக்குப் பகல் விளக்கு கட்டாயம். ஆனால் முன்னால் விளக்கு எரிவதைப் பார்த்து, பின்னாலும் எரிகிறது என்று நம்பி இரவில் ஓட்டுபவர்கள் ஏராளம். 2021 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு விதி மாறிவிட்டது. பழைய கார்கள் சிலவற்றில் பின்விளக்கும் சேர்ந்து எரிய ஒரு செட்டிங்கை மாற்றினாலே போதும். நெடுஞ்சாலை 40-இல் பனிப்புயலில் மாட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

டேஷ்கேம், ரிமோட் ஸ்டார்ட்டர் போன்றவற்றில் வேறு தொல்லை. கரண்ட் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். காரைப் பூட்டி அரை மணி நேரத்தில் எல்லா கம்ப்யூட்டரும் தூங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் எதுவோ விழித்திருக்கிறது. ஃபியூஸைப் பிடுங்காமல், ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் மல்டிமீட்டர் வைத்து மில்லிவோல்ட் பார்த்தால் எந்தக் கிளையில் ஓடுகிறது என்று பிடித்துவிடலாம். பிடுங்கி மாட்டினால் தூங்கியது மறுபடி எழுந்துகொள்ளும். ஏர்பேக்கையும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவின் கேலிப்ரேஷனையும் வீட்டில் தொடாதீர்கள். வாரண்டி உள்ள காரில் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இவ்வளவும் கார் கதவைத் திறந்தால்தான். இப்போது அந்தக் கதவுக்குப் பூட்டு வந்துகொண்டிருக்கிறது. 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றை இன்டர்நெட் வழியாகக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. 2018 மாடல் முதல் அந்த நிறுவனக் கார்களில் இடையில் ஒரு காவல் கம்ப்யூட்டர் வந்தது. நம் சாதாரண ஸ்கேனர் கோடைப் படிக்கும். அழிக்கவோ, ஒரு பாகத்தை இயக்கிச் சோதிக்கவோ விடாது. பதிவு செய்த கருவிக்கு மட்டுமே அனுமதி. பாதுகாப்பு என்ற காரணம் பொய்யில்லை. அதே பூட்டு சுதந்திர மெக்கானிக்கையும் வெளியே நிறுத்துகிறது என்பதும் பொய்யில்லை.

ஆனால் திருடன்? 2022-இல் லண்டனில் இயன் டேபர் என்ற பாதுகாப்பு ஆய்வாளரின் டொயோட்டா ராவ்-4 திருடுபோனது. அடுத்த வருடம் கென் டிண்டெல் அதன் நுட்பத்தை விளக்கினார். பம்பரை விலக்கி, ஹெட்லைட் வயரில் கருவியைச் செருகி, 'சாவி சரியாக இருக்கிறது' என்று கேன் வழியாகப் பொய்ச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். கருவி ஒளிந்திருந்தது ப்ளூடூத் ஸ்பீக்கர் டப்பாவுக்குள். அவர்கள் ஓபிடி சாக்கெட் பக்கம் வரவேயில்லை. மொன்ட்ரியாலில் கார் திருட்டு எவ்வளவு பெரிய பிரச்சினை என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் ஒட்டாவாவில் மாநாடு போட்ட கையோடு, ஃபிளிப்பர் ஜீரோ என்ற பொழுதுபோக்குக் கருவியைத் தடை செய்யப்போவதாக மத்திய அரசு அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் தளர்த்திக்கொண்டது. கற்றுக்கொள்ளும் பையனின் பொம்மை மேல் பாய்ந்த வேகம், ஹெட்லைட் வயரைச் சாவி வேலைக்குத் தொடர்பில்லாதபடி பிரிக்கச் சொல்வதில் இருந்திருக்கலாம்.

சட்டம் நம் பக்கமும் நகர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. 2009-இல் கனேடிய வாகனத் துறையினர் பழுதுபார்ப்புத் தகவலைச் சுதந்திர கராஜ்களுக்கும் தருவதாக ஒப்புக்கொண்டார்கள்; அது தன்னார்வ ஒப்பந்தம்தான். கியூபெக் 2023 அக்டோபரில் நிறைவேற்றிய 29-வது மசோதா ஒரு படி மேலே போனது: பழுது கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் தேவையான காரின் தரவை உரிமையாளருக்கோ அவர் சார்பில் வருபவருக்கோ நிறுவனம் தர வேண்டும். நீண்டகால லீஸில் எடுத்தவருக்கும் இது உண்டு. 2024 நவம்பர் 7-இல் மத்திய அரசின் சி-244 சட்டமாகி, பழுதுபார்ப்பதற்காக மென்பொருள் பூட்டைத் திறப்பது காப்புரிமை மீறல் இல்லை என்றது.

கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் அடுத்த வரியில். பூட்டை நீங்கள் திறக்கலாம். திறக்கும் கருவியைச் செய்து விற்க அந்தச் சட்டம் யாருக்கும் வழி விடவில்லை. அதாவது ஒவ்வொரு கார்க்காரரும் தானே கருவியைச் செய்துகொள்ள வேண்டும். எனக்கு பி.இ. இருக்கிறது, என்னாலேயே அது முடியாது. கோவில் பார்க்கிங்கில் நிற்கும் பெரியவர் என்ன செய்வார்? திருடனுக்குக் கருவி கள்ளச் சந்தையில் கிடைக்கிறது. டீலருக்கு நிறுவனம் தருகிறது. நடுவில் இருப்பவருக்கு மட்டும் கடை இல்லை.

அடுத்து கார் வாங்கப் போகிறவர்கள் நிறம், தவணை எல்லாம் பேசி முடித்தபின் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த மாடலில் கோடுகளை வெளி ஸ்கேனரால் அழிக்க முடியுமா? பழுது பற்றிய தரவு வேண்டுமென்றால் நான் எங்கே, எந்தப் பக்கத்தில் கேட்க வேண்டும்? விற்பனையாளர் சிரித்து மழுப்புவார். பரவாயில்லை, மின்னஞ்சலில் பதில் அனுப்பச் சொல்லிவிட்டு வாருங்கள்.