பன்றிக்கும் நாய்க்கும் யாரிடம் முறையிடுவது?

கோம்பை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது அந்த ஊரின் நாய்தான். செந்நிற உடலும் கருத்த முகவாயும் கொண்ட இந்த இனம் காவலுக்குப் பெயர் போனது. 2020 ஆகஸ்டில் வானொலியில் பேசிய பிரதமர், நாட்டு நாய்களை வளர்க்கும்படி சொன்னபோது கோம்பையின் பெயரையும் குறிப்பிட்டார். ஆனால் மலையடிவார விவசாயிக்கு இன்று இரு பக்கமும் தொல்லை. இரவில் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்குகிறது. பகலில் ஊருக்குள் திரியும் நாய்கள் ஆட்டைக் கடிக்கின்றன.

2023 மே 27-ல் அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் புகுந்தது. அதிகாரிகள் திரண்டனர். ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் கொண்டு சென்றனர். யானை வந்தால் ஊருக்கே தெரியும். பன்றிக்கூட்டம் ஒரு குறுக்கம் கடலையைக் கிளறிப் போட்டால், விவசாயி சொன்னால்தான் வெளியே தெரியும்.

காட்டுப்பன்றிக்கு என்ன செய்வது?

காட்டுப்பன்றியை நாமே கொல்வது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் படி குற்றம். கண்ணி வைப்பதும், வெடி வைப்பதும், நாயை ஏவி வேட்டையாடுவதும் அதில் அடங்கும். நாய் குரைத்து விரட்டுவதோடு நிற்க வேண்டும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை வனத்துறையினர் பிடித்துக் காட்டுக்குள் விடுவர். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். ஆகவே உங்கள் நிலம் காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதைப் பொறுத்தே உங்கள் கோரிக்கை அமைய வேண்டும்.

சேதம் கண்ட அன்று காலையிலேயே, நிலத்தைத் திருத்துவதற்கு முன், படம் எடுத்து வைக்கவும். சர்வே எண், பயிர், அதன் வயது, சேதமான பரப்பு ஆகியவற்றை எழுதி, வனச்சரக அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் மனுக் கொடுக்கவும். பட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை இணைக்கவும். மனு பெற்றதற்கு ரசீது கேட்டு வாங்குவது அவசியம். பதில் வராவிட்டால், அந்த ரசீதுடன் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் முறையிடலாம். அக்கம்பக்கத்து விவசாயிகள் ஐந்தாறு பேர் சேர்ந்து கொடுத்தால் மனுவுக்கு வலு கூடும்.

கம்பத்து மின்சாரம் வேண்டாம்

கோபத்தில் சிலர் மின்கம்பத்திலிருந்து கம்பி இழுத்து வேலியில் விடுகிறார்கள். அதில் பன்றி மட்டும் சாவதில்லை. இருட்டில் மடை திருப்பப் போகும் பக்கத்துத் தோட்டக்காரரும், மாடு தேடி வரும் பிள்ளையும் சாகலாம். வேலி போட்டவர் சிறைக்குப் போவார். ஒரு பருவக் கடலைக்கு இது பெரிய விலை.

சூரிய மின்வேலியில் மின்சாரம் நொடிப்பொழுது பாய்ந்து விட்டுவிடும். அதிர்ச்சி தரும், முறையாக அமைத்தால் கொல்லாது. அதையும் தரமான கருவியுடன்தான் அமைக்க வேண்டும். காட்டுக்கு அருகில் இருப்பவர்கள், 2023-ல் வந்த மின்வேலி விதிகளின்படி மாவட்ட வன அலுவலரின் அனுமதி பெற வேண்டும்.

செலவில்லாத வழிகளும் உண்டு. வரப்போரம் பழைய கலர் சேலைகளைக் கட்டலாம். ஓரத்தில் நெருக்கமாக ஆமணக்கு விதைக்கலாம். கடலை காய் பிடிக்கும் காலத்திலும், சோளம் பால் பிடிக்கும் காலத்திலும் முறை வைத்துக் காவல் இருக்கலாம். ஒரே முறையை நெடுநாள் வைத்தால் பன்றிக்குப் பழகிவிடும். மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

தெருநாய்த் தொல்லை

தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசி போடுவது, 2023-ம் ஆண்டு விதிகளின்படி உள்ளாட்சியின் பொறுப்பு. கோம்பையில் பேரூராட்சி செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். விஷம் வைப்பது குற்றம். அதைத் தின்று நம் வீட்டு நாயும் கோழியும் சாகும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வளர்க்கும் நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட வேண்டும். வேண்டாத குட்டியைச் சாலையோரம் விடக்கூடாது. அதுதான் நாளை ஆட்டைக் கடிக்கும் நாயாக வளர்கிறது.

நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லவும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைத்துக் கட்டக் கூடாது. சொன்ன நாள்களில் எல்லா ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோய் கண்ட பின் பிழைப்பது அரிது. ஆடு மாட்டைக் கடித்தால் கால்நடை மருத்துவரை அணுகவும். 1962 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். இறந்துவிட்டால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று பெறவும். சான்று இல்லாமல் நிவாரணம் கேட்பது கடினம்.

அழுத பிள்ளைக்குத்தான் பால். சேதத்தை மனத்துக்குள் வைத்துக்கொண்டு கம்பியில் மின்சாரம் விடுவதை விட, காகிதத்தில் எழுதி ரசீது வாங்குவதே விவசாயிக்கு நல்லது.