வீட்டுக்கு ஏற்ற வண்டி எது?



நம் நாட்டில் வீடு வாங்குவதற்கு அடுத்தபடியாகப் பெரும்பாலான குடும்பங்கள் செய்யும் பெருஞ்செலவு, காடி வாங்குவதுதான். வீட்டின் மதிப்பு காலப்போக்கில் ஏறக்கூடும். காடியின் மதிப்போ, கடையை விட்டு வெளியே வந்த நாள்முதல் இறங்கிக்கொண்டே போகும். அப்படியிருந்தும், சேலை எடுக்கும்போது பத்துக் கடை ஏறி இறங்கும் நாம், காடி வாங்கும்போது நிறத்தைப் பார்த்தும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லைக் கேட்டும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இன்றைய பேச்சில், சிறிய எஸ்.யு.வி. வகையைச் சேர்ந்த இரண்டு வண்டிகளை எடுத்துக்கொண்டு, எதைப் பார்த்து எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை ஆராய்வோம்.

முதலில், எஸ்.யு.வி. என்பது என்ன? பார்வைக்கு ஜீப்பைப் போல உயரமாக நிற்கும். ஏறி இறங்க எளிதாக இருக்கும். ஓட்டுநருக்குச் சாலை நன்றாகத் தெரியும். ஆனால் நாம் பேசப்போகும் இரண்டு வண்டிகளிலும் முன்சக்கரங்கள் மட்டுமே இயந்திரத்தால் இயங்குகின்றன. ஆகவே செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் இறங்க இவை ஜீப் அல்ல. ஊர்ச் சாலைக்கான குடும்பக் கார்கள். சற்று உயரமானவை, அவ்வளவுதான்.

ஒன்று, புரோட்டோன் எக்ஸ் 50. 2020 அக்டோபரில் வெளிவந்தது. சீனாவின் கீலி நிறுவனம் 2017ஆம் ஆண்டில் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது நினைவிருக்கலாம். கீலியின் பின்யுவே என்னும் வண்டியை அடிப்படையாகக் கொண்டு, தஞ்சோங் மாலிம் ஆலையில் உருவாவது இது. மற்றொன்று, பெரோடுவா அத்திவா. 2021 மார்ச்சில் வெளிவந்தது. ஜப்பானின் டாய்ஹாட்சு ரோக்கி வண்டியின் உடன்பிறப்பு.

இப்போது ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கிள்ளானில் மாடி வரிசை வீடு. கணவர் ஷா ஆலத்தில் தொழிற்சாலை மேற்பார்வையாளர், மனைவி ஆசிரியை. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். முழங்கால் வலியோடு நடமாடும் பாட்டி ஒருவர். மாதம் ஒருமுறை தாப்பாவிலுள்ள உறவினரைப் பார்க்கப் போக வேண்டும். இந்தக் குடும்பம் எந்த வண்டியை வாங்கலாம்?

முதல் கேள்வி, இடம். எக்ஸ் 50 வெளிவந்தபோது அதன் நீளம் 4,330 மில்லிமீட்டர், அகலம் 1,800. அத்திவாவின் நீளம் 4,065, அகலம் 1,710. அதாவது அத்திவா ஏறக்குறைய ஓரடி நீளம் குறைவு. அகலத்தில் 9 செண்டிமீட்டர் குறைவு. வீட்டு முன்புறத்தில் வண்டியை நிறுத்தி இரும்புக் கதவைச் சாத்தும் நமக்கு இந்த ஓரடி பெரிது. ஆகவே கடைக்குப் போகுமுன் நாடா கொண்டு வீட்டு முகப்பை அளந்துகொள்ளுங்கள். கதவைத் திறந்து பாட்டி இறங்கும் இடத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

வெளியே குறைந்த அகலம் வசதி. உள்ளே அதுவே நெருக்கம். சிறு பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் கட்டாயம். இரண்டு குழந்தை இருக்கைகளுக்கு இடையில் பாட்டி உட்கார முடியுமா? இதைக் காகிதத்தில் பார்த்து முடிவு செய்ய முடியாது. குழந்தை இருக்கையையும் பாட்டியையும் கடைக்கே அழைத்துப் போய், எல்லாரையும் உட்கார வைத்துப் பார்ப்பதே சரி. விற்பனையாளர் சிரித்தாலும் சிரிக்கட்டும், வெட்கப்பட வேண்டியதில்லை. சாமான் வைக்கும் பின்பகுதியில் மட்டும் சிறிய வண்டியே முந்துகிறது. அத்திவாவில் 369 லிட்டர் வரை இடம். எக்ஸ் 50இல் 330 லிட்டர்.

இரண்டாவது கேள்வி, இயந்திரம். அத்திவாவில் 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ பொருத்தியது, 98 குதிரைத்திறன். எக்ஸ் 50 முதலில் வந்தபோது 1.5 லிட்டர், அதுவும் மூன்று சிலிண்டர் டர்போ. சாதாரண வகைகளில் 150 குதிரைத்திறன், உச்ச வகையில் 177. டர்போ என்பது, வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, கூடுதல் காற்றை இயந்திரத்துக்குள் அழுத்தித் திணிக்கும் கருவி. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும். சிறிய இயந்திரம் பெரிய வேலை செய்யும். ஐந்து பேரோடும் சாமானோடும் தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது எக்ஸ் 50 களைக்காமல் ஏறும். அத்திவாவும் ஏறும், ஆனால் இயந்திரம் சற்று உரக்கப் பாடும். நாள்தோறும் மலை ஏறுவோருக்கு இது முக்கியம். ஆண்டில் இரண்டு முறை ஏறுவோர் இதற்காகப் பல ஆயிரம் வெள்ளி கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டும்.

எரிபொருள் கணக்கையும் பார்ப்போம். நிறுவனங்கள் சோதனையில் காட்டிய அளவுப்படி அத்திவா லிட்டருக்கு 18.9 கிலோமீட்டர் ஓடும். முதலில் வந்த எக்ஸ் 50, 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6.5 லிட்டர் குடிக்கும். நம் குடும்பம் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால், ஒன்றுக்கு 79 லிட்டர்; மற்றொன்றுக்கு 98 லிட்டர். வேறுபாடு 18 அல்லது 19 லிட்டர். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் இரண்டுமே இதைவிடக் கூடுதலாகக் குடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியமானது. எது நீண்ட நாள் பழுதின்றி உழைக்கும்?

இதற்கு ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். இரண்டு வண்டிகளும் வெளிவந்தபோது ஐந்து ஆண்டு அல்லது 1,50,000 கிலோமீட்டர் உத்தரவாதத்தோடு விற்கப்பட்டன. ஆனால் நம்மில் பலர் வாங்கும் கடனோ ஒன்பது ஆண்டு. உத்தரவாதம் முடிந்த பிறகும் நான்கு ஆண்டு தவணை கட்ட வேண்டும். அந்த நான்கு ஆண்டுகளில் கியர்ப்பெட்டியோ டர்போவோ பழுதானால், தவணையும் நம் தலையில், பழுதுச் செலவும் நம் தலையில். எத்தனையோ குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே கியர்ப்பெட்டியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். அத்திவாவில் இருப்பது சி.வி.டி. வகை. தையல் இயந்திரத்தில் ஒரு வாரை இரண்டு சக்கரங்களைச் சுற்றி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, எஃகினால் ஆன வார் ஒன்று, விரிந்து சுருங்கும் இரண்டு கப்பிகளுக்கிடையே ஓடுகிறது. அதிக வேகத்தில் வாருடன் பற்சக்கரங்களும் சேர்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்வது டாய்ஹாட்சுவின் புது முறை. எக்ஸ் 50இல் இருப்பது இரட்டைக் கிளட்ச் வகை, ஏழு கியர்கள். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு மற்றொன்று. ஒன்று பிடித்திருக்கும்போதே மற்றது ஆயத்தமாக நிற்பதால் கியர் மாறுவது விரைவாக நடக்கும். ஆனால் அங்குலம் அங்குலமாக ஊரும் நெரிசலில் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்ந்து சூடேறும். எண்ணெயில் மூழ்கிய வகை என்பதால் அந்தச் சூடு ஓரளவு தணிகிறது.

இதனால் ஒன்று கெட்டது, மற்றொன்று நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஓட்டும் முறை ஒன்றுதான் வேறுபடும். இரட்டைக் கிளட்ச் வண்டியை மேட்டில் எண்ணெய் மிதியால் தாங்கிப் பிடிக்காதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். முன் வண்டி சிறிது நகர்ந்து இடம் கொடுத்த பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். சி.வி.டி. வண்டியில் கியர்ப்பெட்டி எண்ணெயைக் கையேடு சொல்லும் காலத்தில் மாற்றுங்கள். டர்போ உள்ள இரண்டு வண்டிகளிலும் இயந்திர எண்ணெயைத் தள்ளிப்போடவே கூடாது. டர்போவின் அச்சு மிகுந்த வேகத்தில் சுழல்கிறது. அதைக் காப்பது அந்த எண்ணெய் ஒன்றுதான். ஐம்பது வெள்ளி மிச்சம் பிடிக்கப்போய் சில ஆயிரங்களை இழக்க வேண்டாம்.

பழகிய இயந்திரமா, புதியதா என்பதும் கவனிக்கத் தக்கது. அத்திவாவின் இயந்திரம் 2004 முதல் டொயோட்டா, டாய்ஹாட்சு வண்டிகளில் புழங்கிவரும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் டர்போ வகை 2016 முதல் ஜப்பானில் ஓடுகிறது. எக்ஸ் 50க்கோ 2025 ஜூலையில் நான்கு சிலிண்டர் கொண்ட வேறு இயந்திரம் பொருத்தப்பட்டது, 181 குதிரைத்திறன். ஆற்றல் மிகுதி; ஆனால் நம் சாலையில் அதன் வயது குறைவு. பழைய எக்ஸ் 50 வைத்திருப்பவர் சொல்லும் நிறையும் குறையும் இந்தப் புதிய இயந்திரத்துக்கு அப்படியே பொருந்தா.

பாதுகாப்பில் இரண்டும் ஆசியான் கார் மதிப்பீட்டில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. ஆயினும் வகைக்கு வகை வேறுபாடு உண்டு. வெளிவந்தபோது அத்திவாவின் எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகளும், முன்னே மோதல் நேருமானால் தானே பிரேக் பிடிக்கும் வசதியும் இருந்தன. எக்ஸ் 50இன் தொடக்க வகையில் காற்றுப்பைகள் நான்கு. தானே பிரேக் பிடிக்கும் வசதி உச்ச வகையில் மட்டுமே. எனவே வண்டியின் பெயரை மட்டும் கேட்காமல், நாம் வாங்கும் வகையில் என்ன உண்டு என்பதைக் கேளுங்கள்.

இன்னொரு செய்தி. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. உயரமான வண்டி என்று எண்ணி வெள்ளத்தில் இறங்காதீர்கள். காற்று போகும் வழியில் நீர் புகுந்தால் சிலிண்டரில் அது அழுந்தாது. இயந்திரத் தண்டு வளைந்துவிடும். உத்தரவாதம் இதற்கு உதவாது. காப்புறுதியில் வெள்ளச் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாக எடுக்க வேண்டும்.

இனி விலை. வெளிவந்தபோது, அன்றைய விற்பனை வரி விலக்குடன், காப்புறுதி நீங்கலாக, அத்திவா 61,500 வெள்ளி முதல் 72,000 வெள்ளி வரை. எக்ஸ் 50, 79,200 முதல் 1,03,300 வரை. விலைகள் மாறும், வாங்கும் நாளின் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கிடும் முறைதான் முக்கியம். அந்த விலைப்படி, பத்து விழுக்காடு முன்பணம் கட்டி, 66,100 வெள்ளியுள்ள நடுத்தர அத்திவாவை ஏழு ஆண்டுத் தவணையில் வாங்கினால், வட்டி நீங்கலாக மாதம் 708 வெள்ளி. மிகக் குறைந்த விலை எக்ஸ் 50ஐ ஒன்பது ஆண்டில் வாங்கினால் மாதம் 660 வெள்ளி. மாதக் கணக்கைப் பார்த்தால் பெரிய வண்டியே மலிவு போலத் தோன்றும்! இந்தத் தோற்றத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் குடும்பம் இரண்டு ஆண்டு முன்னதாகவே கடனிலிருந்து விடுபடுகிறது. உத்தரவாதமில்லாத கடன் காலம் நான்கிலிருந்து இரண்டாகக் குறைகிறது.

அப்படியானால் நம் கிள்ளான் குடும்பத்துக்கு எது? பின்னிருக்கையில் பாட்டியும் பிள்ளைகளும் நெருக்கமின்றி அமர முடிந்தால், அத்திவாவை ஏழு ஆண்டில் வாங்குவதே அறிவுடைமை. அமர முடியாவிட்டால், இடுக்கில் பாட்டியை மாதந்தோறும் தாப்பா வரை துன்புறுத்துவதில் சிக்கனம் இல்லை. எக்ஸ் 50ஐத் தேடலாம். ஆனால் முன்பணத்தைக் கூட்டி, கடன் காலத்தைக் குறைத்த பிறகே. அந்தப் பணம் சேரும்வரை பழைய வண்டியையே பழுது பார்த்து ஓட்டலாம்.

நேயர்களே, இந்த வாரம் உங்களில் யாரேனும் காடி பார்க்கப் போவதாக இருந்தால், கையில் ஒரு நாடாவும் ஒரு தாளும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டு முகப்பின் அளவு, உட்காரும் ஆட்கள், உத்தரவாத ஆண்டு, கடன் ஆண்டு என இந்த நான்கையும் தாளில் எழுதி வையுங்கள். நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.