சாவியை எறிந்தவர், விமானத்தை இறக்கியவர்

1990-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த ஓர் இசை விழாவில் பாடிக் கைதட்டல்களை அள்ளிக்கொண்ட டேனியல் ஜான்ஸ்டன், அப்பா ஓட்டிய சிறு விமானத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நடுவானில், தன்னை 'கேஸ்பர்' என்னும் கார்ட்டூன் குட்டிப் பேயாக நினைத்துக்கொண்டு எஞ்சின் சாவியைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டார். அப்பா பில், விமானப்படையில் பணியாற்றியவர். எஞ்சின் நின்றுபோன விமானத்தை மரங்களின் மேல் இறக்கினார். விமானம் நொறுங்கியது, இருவரும் சிறு காயங்களோடு பிழைத்தார்கள். ஜெஃப் ஃபோயர்சைக் இயக்கி 2005-இல் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் சிறந்த ஆவணப்பட இயக்குநர் விருது பெற்ற 'தி டெவில் அண்ட் டேனியல் ஜான்ஸ்டன்' படத்தில் இதைச் சொல்லும்போது பில் உடைந்து அழுகிறார். படம் பார்த்தவர்கள் பலரும் மேதைமைக்கும் பித்துக்கும் இடையே நூலிழைதான் என்று பேசிக்கொண்டு எழுந்துபோவார்கள். கலைஞன் என்றால் கொஞ்சம் கிறுக்கு இருக்கத்தானே செய்யும் என்பது நம் ஊரிலும் செல்லுபடியாகும் பேச்சுதான். ஆனால் படம் அடுக்கும் சான்றுகளைக் கூர்ந்து பார்த்தால் அவை அதற்கு நேர்மாறாகவே பேசுகின்றன: பாட்டைக் கொடுத்தது உழைப்பு, மனநோய் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டதுதான் அதிகம்.

1961-இல் பிறந்து மேற்கு வர்ஜீனியாவில் வளர்ந்தவர் டேனியல். இருபது வயதை ஒட்டிய காலத்தில் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த பியானோவையும் ஒரு மலிவான டேப் ரிக்கார்டரையும் வைத்துக்கொண்டு பாடல்களைப் பதிவு செய்தார். அம்மா மேபல் திட்டுவதைக்கூட ஒலிநாடாவில் பிடித்து வைத்தார். பிறகு ஆஸ்டினுக்குப் போய் மெக்டொனால்ட்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, தன் கையால் படம் வரைந்த உறையில் கேசட்டுகளைப் போட்டு, பார்த்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். தொடக்கத்தில் அவரிடம் பிரதி எடுக்கும் கருவி இல்லை. அதனால் யாராவது கேசட் கேட்டால் மொத்தப் பாடல்களையும் முதலிலிருந்து பாடிப் புதிதாகப் பதிவு செய்து கொடுத்தார். சாமியாடுகிறவர் செய்கிற வேலை அல்ல இது; பாட்டைத் திரும்பத் திரும்பச் செய்து கை பழகிய தொழிலாளி செய்கிற வேலை. இன்றும் பேசப்படும் 'ஹாய், ஹவ் ஆர் யூ' ஆல்பம் 1983-இல் வந்தது. 1985-இல் எம்டிவி தொலைக்காட்சி அவரைக் காட்டியது. நோயின் அறிகுறிகள் அப்போதே இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் நிலை குலைந்து மருத்துவமனைகளுக்குப் போய்வரத் தொடங்கியது 1986-க்குப் பிறகு. பெயரை நிலைநாட்டிய பாடல்களில் பலவும் அதற்கு முந்தியவை.

பிசாசைப் பற்றியும், இன்னொருவரை மணந்துகொண்ட கல்லூரித் தோழியைப் பற்றியும் அவர் விடாமல் பாடியது நோயின் விளைவுதானே என்று கேட்கலாம். இருக்கலாம். பாடுபொருளை நோய் கொடுத்திருக்கலாம். மெட்டமைக்கும் திறமை அதிலிருந்து வரவில்லை. அதே பிசாசு பயத்தோடு வாழ்ந்த எத்தனையோ பேர் ஒரு வரிகூடப் பாடியதில்லை. இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு: 1990 மேடையில் அவர் கொண்டாடப்பட்டபோது மருந்தை நிறுத்தியிருந்தார். உண்மைதான். அந்த மேடையிலிருந்து வீடு திரும்பும் வழியில்தான் சாவி பறந்தது. 1992-இல் எம்டிவி விருது விழாவுக்கு ராக் பாடகர் கர்ட் கோபைன் டேனியலின் தவளைப் படம் போட்ட சட்டையை அணிந்து வந்த பிறகு பெரிய இசை நிறுவனங்கள் தேடி வந்தன. எலெக்ட்ரா நிறுவனம் நீட்டிய ஒப்பந்தத்தை அவர் ஏற்கவில்லை. அங்கே இருந்த மெட்டாலிகா இசைக்குழுவைச் சாத்தான் பிடித்திருக்கிறது என்று நம்பினார். தன்னை ஊரறியச் செய்ய அலைந்த மேலாளரையும் விலக்கினார். அட்லாண்டிக் நிறுவனத்தில் 1994-இல் வந்த 'ஃபன்' ஆல்பம் விற்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் நிறுவனம் கைவிட்டது. நோய் மேதைமையை வளர்க்கிறது என்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நோயாளியின் துன்பத்தைப் படம் வேடிக்கைப் பொருளாக்குகிறது என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதைப் பாதிதான் ஏற்க முடியும். படத்தின் ஒலிநாடாக்களில் பெரும்பகுதி டேனியல் தானே பதிவு செய்து வைத்தவை. தன் வாழ்க்கையைத் தானே ஆவணப்படுத்தியவர் அவர். ஆனால் படம் எடுக்கப்பட்ட காலத்து டேனியல் குறைவாகத்தான் பேசுகிறார், அவரைப் பற்றி மற்றவர்கள்தான் பேசித் தீர்க்கிறார்கள். அது குறைதான். அதை ஈடுசெய்வது பில்லும் மேபலும். தங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை அவர்கள் பேச்சில் ஒளிவுமறைவில்லாமல் வருகிறது.

அவர்களின் பராமரிப்பிலும் மருந்திலும் வாழ்ந்த பிந்திய ஆண்டுகளிலும் டேனியல் சும்மா இருக்கவில்லை. 2003-இலும் 2009-இலும் புதிய ஆல்பங்கள் வந்தன. 2006-இல் நியூயார்க்கின் விட்னி கண்காட்சியில் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. 2017 வரை மேடையேறினார். 2019 செப்டம்பரில் டெக்சாஸில் 58 வயதில் இறந்தார். படத்தைப் பார்ப்பவர்கள் சாவியை எறிந்தவரோடு விமானத்தை இறக்கியவரையும் கவனித்துப் பாருங்கள்.