அக்குளில் பூசும் அலுமினியம்: அச்சம் எது? உண்மை எது?



எங்கள் மன்ற நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு முடிந்து விளக்குகளை அணைக்கும் நேரம். பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மா என் அருகில் வந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஏம்மா, இருபது வருசமா வேலைக்குப் போறப்ப ரோல்-ஆன் போட்டுக்கிட்டுத்தான் போனேன். அதுல இருக்கிற அலுமினியத்தாலதான் இந்த நோய் வந்துச்சுன்னு என் தங்கச்சி சொல்றா. நானே தேடிக்கிட்டேனா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் அதைப் பயன்படுத்துபவள்தான். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் நின்றால் ரவிக்கை நனைந்துவிடும். படித்துப் பார்த்து, மருத்துவர்களிடமும் கேட்டுவிட்டு அடுத்த ஒளிப்பதிவில் பதில் சொல்கிறேன் என்றேன். அன்று சொன்னவற்றின் தொகுப்புதான் இது.

இரண்டும் ஒன்றல்ல

பேரங்காடியில் ஒரே அடுக்கில் இருந்தாலும், டியோடரன்ட் வேறு, வியர்வைத் தடுப்பான் வேறு. வியர்வைக்கு இயல்பாகவே வாடை அதிகம் கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை வருகிறது. டியோடரன்ட் அந்தப் பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்தும். நறுமணத்தால் வாடையை மறைக்கும். அதில் அலுமினியம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

வியர்வைத் தடுப்பானுக்கோ அலுமினிய உப்புகள்தாம் உயிர். அலுமினியம் குளோரோஹைட்ரேட் என்பது அவற்றில் ஒன்று. இது வியர்வையோடு சேர்ந்து பசைபோல் இறுகி, வியர்வைக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைக்கிறது. சில நாட்களில் தோல் புதுப்பிக்கப்படும்போது அடைப்பும் நீங்கிவிடும்.

வதந்தி எப்படிப் பரவியது?

1990-களின் இறுதியில் ஒரு மின்னஞ்சல் உலகை வலம் வந்தது. "அக்குள் வழியாக உடலின் நச்சு வெளியேறுகிறது. அதை அடைத்தால் நச்சு நிணநீர்க் கணுக்களில் தேங்கிப் புற்றுநோயாகும்" என்பதே அதன் சாரம். அதே செய்தி இன்று புலனக் குழுக்களில் வலம் வருகிறது.

வியர்வையின் முக்கிய வேலை உடலைக் குளிர்விப்பது. அதில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் உப்பு. கழிவை அகற்றும் பெரிய வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. நிணநீர்க் கணுக்கள் வியர்வைக் குழாயோடு இணைக்கப்பட்டவை அல்ல. மார்பகத்தில் அக்குளை ஒட்டிய மேல்பகுதியில் கட்டிகள் அதிகம் வருவது உண்மைதான். அங்கே பால் சுரப்பித் திசு அதிகம் இருப்பதே அதற்கு முக்கியக் காரணம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2002-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டல் நகர ஆய்வாளர்கள், மார்பகப் புற்றுநோய் கண்ட 813 பெண்களையும் நோயில்லாத 793 பெண்களையும் ஒப்பிட்டார்கள். வியர்வைத் தடுப்பானுக்கும் நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2017-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில், தலா 209 பெண்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. 30 வயதுக்கு முன்பே ஒரு நாளில் பல முறை பூசியதாகச் சொன்னவர்கள், நோயுற்றவர்களிடையே அதிகம் இருந்தார்கள். ஆனால் இது நினைவிலிருந்து சொன்ன பதில். நோய் வந்தவர் "எதனால் வந்தது?" என்று பழையதை எல்லாம் கிளறிப் பார்ப்பது இயல்பு. ஆகவே இந்த ஒன்றை வைத்துக் காரணத்தை நிறுவ முடியாது. அதே வேளையில், ஒரு நாளில் பல முறை பூசவேண்டிய தேவையும் நமக்கு இல்லை.

தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகிறது? 2001-இல் இருவரிடம் செய்த சோதனையில், பூசியதில் ஏறத்தாழ 0.012 விழுக்காடுதான் உடலுக்குள் சென்றது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2014-இல் இதுபற்றிக் கவலை தெரிவித்தது. புதிய ஆய்வுகளுக்குப் பிறகு 2020-இல், தோல்வழிச் செல்லும் அளவு முன்பு நினைத்ததைவிட மிகக் குறைவு என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரக நோயாளிகள். உடலுக்குள் போகும் அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். 1970-களில், டயாலிசிஸ் நீரில் கலந்திருந்த அலுமினியத்தால் நோயாளிகள் சிலருக்கு மூளை பாதிக்கப்பட்டது. அதனால்தான் இன்று அந்த நீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துகிறார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே வியர்வைத் தடுப்பானைப் பயன்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை, அமெரிக்காவில் விற்கப்படும் பொருள்களில் கட்டாயம். நீரிழிவு மலிந்த நம் சமூகத்தில் இதை நாமும் மனத்தில் கொள்ள வேண்டும்.

சவரம் செய்து கீறல் விழுந்த தோலில் எவரும் பூச வேண்டாம். மெமோகிராம் சோதனைக்குப் போகும் நாளிலும் வேண்டாம். அலுமினியத் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள் போலத் தெரிந்து வீண் கலக்கத்தை உண்டாக்கலாம்.

படிகாரம் மட்டும் என்னவாம்?

அலுமினியத்துக்குப் பயந்து, "இயற்கைப் பளிங்குக் கல்" என்று விற்பதை வாங்குபவர்கள் பலர். அது பெரும்பாலும் முடிதிருத்தகத்தில் சவரத்துக்குப் பின் தேய்ப்பார்களே, அதே படிகாரம்தான். படிகாரத்தின் வேதியியல் பெயர் பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்! உப்புதான் மாறியது, அலுமினியம் மாறவில்லை. படிகாரத்தைப் பயன்படுத்துவது தவறில்லை. அதில் அலுமினியமே இல்லை என்று நம்புவதுதான் தவறு.

அந்த அம்மாவுக்குச் சொன்ன பதில்

அடுத்த ஒளிப்பதிவுக்கு அவர் வந்திருந்தார். "அம்மா, அந்தப் பழியை உங்கள்மேல் சுமத்த இதுவரை போதிய ஆதாரம் இல்லை" என்றேன். கண் கலங்கினார். பிறகு, "உங்கள் தங்கை பரிசோதனை செய்துகொண்டாரா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. அவதான் ரோல்-ஆன் போடறதே இல்லையே!" என்றார்.

நேயர்களே, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடன்பிறந்தவருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தால் மற்றவருக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகும். மலேசியாவில் 2012 முதல் 2016 வரை கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதி, மூன்றாம் நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டன. ரோல்-ஆனைத் தூக்கி எறிந்துவிட்டு, நமக்கு ஒன்றும் வராது என்று நிம்மதியாக இருந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து.

பூசுவதும் பூசாததும் உங்கள் விருப்பம். ஆனால் மார்பில் கட்டியோ மாற்றமோ தெரிந்தால், புலனச் செய்தியைப் புரட்டிக்கொண்டிருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். அக்காவுக்கோ தங்கைக்கோ நோய் வந்திருந்தால், கட்டி தெரியும்வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.