காட்சிக் கார் மாதிரி: கட்டுவதும் சாயம் பூசுவதும்



திருவிழாக் காலத்தில் சுவாமி அன்ன வாகனத்தில் எழுந்தருள்வதை நாம் கண்டிருக்கிறோம். 1910ஆம் ஆண்டில் கல்கத்தா நகரத்து வீதியில் ஓர் அன்னம் தானாகவே ஓடி வந்தது. அது ஒரு மோட்டார் கார். அந்நகரில் வாழ்ந்த மாத்யூசன் என்ற பொறியாளர் இங்கிலாந்தில் சொல்லிச் செய்வித்தது. அன்னத்தின் அலகிலிருந்து வெந்நீர் பீச்சும். வீதியில் பெருங்குழப்பம் உண்டாகவே, காவல்துறையினர் அதை ஓட்டக் கூடாதென்று தடுத்துவிட்டனர். பிறகு அது நாபா மகாராஜாவிடம் போய்ச் சேர்ந்தது. இப்போது நெதர்லாந்து நாட்டு அரும்பொருட்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

இப்படிப் பயணத்துக்காக அல்லாமல், பிறர் கண்டு வியப்பதற்காகவே செய்யப்படும் வண்டிகளைக் காட்சிக் கார்கள் என்கிறோம். அமெரிக்காவில் எட் ரோத் என்பவர் 1961இல் செய்து முடித்த ‘பீட்னிக் பேண்டிட்’ அவற்றுள் பெயர் பெற்றது. அதன் கூரை, சோப்புக் குமிழி போன்ற ஒளிபுகும் பிளாஸ்டிக். திருப்புவதற்குச் சக்கரம் கிடையாது. ஒரே ஒரு கைப்பிடிதான். 1963இல் ரெவெல் என்ற நிறுவனம் அதன் மாதிரியை உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் அடைத்து விற்றது. இத்தகைய பழைய மாதிரிகள் பல மறுபடியும் வார்க்கப்பட்டு விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஒரு பெட்டியின் விலை ஒரு நாள் கூலிக்கு மேலாகவும் ஆகலாம். ஆகவே, பிள்ளை ஆசையோடு கேட்டு வாங்கியது பாழாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் அளவு. ‘25இல் 1’ என்று பெட்டியில் இருந்தால், உண்மைக் காரின் 25 சென்டிமீட்டர் மாதிரியில் 1 சென்டிமீட்டர் ஆகும். 5 மீட்டர் நீளமுள்ள கார் 20 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். இஸ்கந்தர் புத்ரியில் 2012இல் திறக்கப்பட்ட லெகோலாண்ட் பூங்காவில் பெரிய கட்டடங்களைச் சிறிதாக்கி வைத்திருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே வகைக் கணக்குத்தான். இந்த 25 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாயம் பூசும்போது அது மறுபடியும் வரும்.

பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியபடியே இருக்கும். கையால் திருகிப் பிய்க்கக் கூடாது. சிறிய வெட்டுக் குறடால் சற்றுத் தள்ளி வெட்டி, எஞ்சிய முனையைக் கூரிய கத்தியால் மெல்ல மெல்லச் சீவ வேண்டும். பால்மரம் வெட்டிய கைகளுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. பட்டையை மெல்லியதாகச் சீவினால் பால். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். இங்கும் அதே கவனந்தான். கத்தி வேலையைப் பெரியவர் செய்யட்டும். மணல் தாளால் தேய்ப்பதைப் பிள்ளை செய்யட்டும்.

அடுத்து, பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையும் கை வியர்வையும் இருந்தால் சாயம் பிடிக்காது.

மாதிரிக்கென்று விற்கும் பசை, பிளாஸ்டிக்கை இலேசாகக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிவிடும். அதனால் ஒரு துளி போதும். அதிகமானால் பாகமே உருகிவிடும். வெள்ளி போலப் பளபளக்கும் பாகங்களில் ஒட்டுமிடத்து மேற்பூச்சைச் சுரண்டிவிட வேண்டும். ஒளிபுகும் கூரைக்கு உடனே பிடிக்கும் சூப்பர் பசை ஆகாது. அதன் ஆவி பட்டால் பிளாஸ்டிக் பனி படர்ந்தது போல் மங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் பயன்படும் வெள்ளைப் பசையே அதற்கு ஏற்றது.

இனிச் சாயம். உண்மைக் காரின் மேலிருக்கும் சாயமெல்லாம் சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதே கனத்தை மாதிரியில் பூசினால் என்ன ஆகும்? 25ஆல் பெருக்கிப் பாருங்கள். உண்மைக் காரின்மேல் இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசியதற்குச் சமம். காரின்மேல் தோசை வார்த்தது போலாகிவிடும்! கதவின் கோடுகளும் மற்ற நுணுக்கங்களும் அடைபட்டுப் போகும். மாதிரிகள் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரே தடவையில் மூட நினைக்காமல், மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு பூச வேண்டும்.

முதலில் அடிச்சாயம். அதில் கீறலும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியும். அப்போதே தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம். காட்சிக் கார்களுக்கு உரிய மின்னும் சிவப்பு வேண்டுமானால், அடியில் வெள்ளி நிறமோ பொன்னிறமோ பூசி, அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பைப் பூச வேண்டும். சிவப்பின் வழியே உள்ளே போகும் ஒளி, அடியிலுள்ள வெள்ளி நிறத்தில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அந்த மினுமினுப்பு. பூச்சு கூடக் கூட நிறம் கருக்கும். ஆகவே முதலில் ஒரு பழைய பிளாஸ்டிக் கரண்டியில் பூசிப் பாருங்கள்.

ஜொகூரின் வானிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். மழை நேரத்தில் காற்றில் ஈரம் மிகுதி. சாயத்திலுள்ள திரவம் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்மை பூத்துவிடும். பிற்பகல் மழைக்கு முன், முற்பகலில் நிழலில் பூசுவதே நல்லது. சுட்டெரிக்கும் வெயிலிலும் ஆகாது. சாயத் துளிகள் படியுமுன்னே காய்ந்து பரப்பு சொரசொரப்பாகும். பூசிய பாகத்தைத் தூசி படாமல் ஒரு டப்பாவால் மூடி வையுங்கள். முகர்ந்தால் சாய வாடை அடிக்கும்வரை அது முழுதும் காயவில்லை என்று பொருள்.

தாய்மார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். தெளிப்புச் சாயமும் தின்னரும் எளிதில் தீப்பற்றும். அடுப்பங்கரையிலோ சாமி விளக்கின் அருகிலோ வைக்கவே கூடாது. கதவடைத்த அறையில் தெளிக்கக் கூடாது. வெளியே, காற்றோட்டத்தில், அதற்குரிய முகமூடி அணிந்துதான் தெளிக்க வேண்டும். பசையையும் தின்னரையும் வேண்டுமென்றே முகரும் பழக்கம் மூளையைக் கெடுக்கும். சில வேளை இதயத்தையே திடீரென நிறுத்திவிடும். எனவே சிறு பிள்ளைகளுக்கு நீரில் கரையும் சாயத்தையும் தூரிகையையும் கொடுங்கள். மற்றவற்றைப் பெரியவர் பூட்டி வைத்து, வேலை நேரத்தில் மட்டும் எடுத்துத் தரட்டும்.

இது வெறும் விளையாட்டுத்தானா என்று கேட்கலாம். கார்ப் பட்டறையில் சாயம் தெளிப்பவரும் இதே வரிசையில்தான் வேலை செய்கிறார்: கழுவுதல், தேய்த்தல், அடிச்சாயம், நிறம், மேற்பூச்சு. தோட்டங்களை விட்டு மாசாய், பாசிர் கூடாங் பக்கம் குடியேறிய நம் குடும்பங்கள் பல. அங்கே கைத்தொழில் தெரிந்தவருக்கு வேலைக்கு வழி உண்டு. அத்தொழிலை முறையாகக் கற்று மலேசியத் திறன் சான்றிதழ் பெறவும் இடமிருக்கிறது. ஒரு பூச்சு காயும்வரை பொறுத்திருக்கத் தெரிந்த பிள்ளைக்கு, அத்தொழிலின் முதற்பாடம் வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்துவிடுகிறது.

பள்ளி விடுமுறையில் பெட்டியைத் திறக்குமுன், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து செய்முறைத் தாளை ஒருமுறை முழுதும் படித்துப் பாருங்கள். வேலையைப் பிறகு தொடங்கலாம்.