மருந்துத் துப்பாக்கியும் மானுக்கேற்ற குண்டும்

கண்மாய்க் கரையோரத்துப் புன்செய்களில் பயறும் கடலையும் பருத்தியும் துளிர்விடும் காலத்தில், சீமைக்கருவேலங் காட்டிலிருந்து புள்ளிமான்கள் இரவில் இறங்கி இளந்தளிர்களைக் கடித்துச் செல்வது, இராமநாதபுரம் சீமையின் விவசாயிகள் பலரும் அனுபவத்தில் அறிந்த விஷயம். பல நாள் பாட்டை ஓர் இரவில் இழந்தவர், “பாட்டனார் காலத்து மருந்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறதே, அதில் எந்தக் குண்டைப் போட்டால் மான் விழும்?” என்று கேட்பது இயல்பே. இக்கேள்விக்கு உரிய விடையை முதலில் கூறி, அவ்விடை நம்மை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதையும் அங்கத்தினர்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

எறிபடையைத் தேர்ந்தெடுக்கும் அறிவு நம் நாட்டிற்குப் புதியதன்று. துப்பாக்கி வருமுன்னரே மறவர் சீமையில் வளரி என்னும் வளைதடி வழங்கி வந்தது. மரத்தாலும் இரும்பாலும் யானைத் தந்தத்தாலும் அது செய்யப்பட்டது. 1795-இல் சிவகங்கைச் சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றுக்கொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, தேர்ந்த கையிலிருந்து அது நூறு கஜத்திற்குள் குறி தவறாது செல்லும் என்று 1830-இல் வெளியான தம் நூலில் எழுதியுள்ளார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் தெற்குச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தார். வளரியின் வழக்கு அருகிப் போயிற்று. அரசாங்க அனுமதி பெற்ற சிலரிடம் மட்டும் மருந்துத் துப்பாக்கி நிலைத்தது.

மருந்துத் துப்பாக்கி என்பது குழலின் வாய் வழியாகவே மருந்தையும் குண்டையும் இட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்கும் வகையாகும். இதன் குழலளவைக் குறிக்கும் எண் ஒரு பழைய நிறைக்கணக்கிலிருந்து வந்தது. ஒரு ராத்தல் ஈயத்தைச் சம எடையுள்ள பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால், அவ்வுருண்டை ஒன்றின் விட்டமே பன்னிரண்டாம் நம்பர் குழலின் விட்டம். ஏறத்தாழ 18½ மில்லிமீட்டர். அதன் குண்டு சுமார் 38 கிராம் இருக்கும். பதினாறாம் நம்பருக்கு 28 கிராம். இருபதாம் நம்பருக்கு 23 கிராம். எண் கூடக் கூடக் குண்டு சிறுக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

குண்டுக்கு ஏற்ற உலோகம் ஈயம் என்று அக்கால வேட்டைக்காரர் கண்டனர். மீனவர் வலையின் அடிக்கயிற்றில் கோப்பதும் ஈயந்தான். அது கனமானது; ஆதலால் சிறிய உருவில் மிகுந்த எடை அமைகிறது. அது 327 டிகிரி சூட்டில் உருகுவதால் வீட்டடுப்பிலேயே வார்த்து வந்தனர். அது மிருதுவானது, ஆதலால் குழலைக் கீறுவதில்லை. ஆணித்துண்டு, இரும்பு உருண்டை, கூழாங்கல் ஆகியவற்றைப் போடுவது பெருந்தவறு. அவை குழலின் உட்புறத்தைக் கெடுக்கும், நேராகச் செல்லமாட்டா, சில சமயம் குழலில் சிக்கிச் சுடுபவனுக்கே யமனாகும்.

இனி, ஒரே குண்டா, பல ரவைகளா என்பது அடுத்த கேள்வி. ஓர் உருண்டையின் விட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன் எடை எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் காற்று எதிர்க்கும் முகப்போ நாலில் ஒரு பங்காகத்தான் குறையும். எனவே சிறு ரவை விரைவில் வேகத்தை இழக்கிறது. காடைக்கும் முயலுக்கும் போதிய ரவை, எழுபது கிலோவிற்கு மேற்பட்ட கலைமானின் தோலைத் துளைத்துச் சதையில் தங்குமேயன்றி, உயிர்நிலையை எட்டாது. மான் விழாமல் ஓடி, முட்புதரில் பல நாள் புண் அழுகிச் சாகும். இதனாலேயே மானுக்கு ஒற்றை ஈயக்குண்டே ஏற்றது என்பது வேட்டை அறிந்தவர்களின் முடிவாயிற்று.

அந்தக் குண்டும் குழலுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். குழலைவிடச் சற்றுச் சிறிய குண்டை வார்த்து, எண்ணெய் தோய்த்த பருத்தித் துணியில் பொதிந்து இறக்குவார்கள். இங்கே பரமக்குடி, எமனேசுவரம் தறிகளில் அமரும் நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு ஒரு செய்தி உண்டு. அத்துணி ஊடும் பாவும் நெருங்கி, எங்கும் ஒரே கனமுடையதாக இருத்தல் வேண்டும். இளக்கமான நெசவாயின் அது கிழிந்து கருகும். மருந்தின் புகை இடைவெளியில் ஒழுகும். குண்டு குறி மாறிப்போகும். நல்ல நெசவின் அருமை துப்பாக்கிக் குழலிலும் விளங்குகிறது!

கூர்முனைக் குண்டு மேலானதன்றோ எனச் சிலர் கேட்கலாம். 1849-இல் பிரெஞ்சுக்காரரான மினியே அமைத்த குண்டு அத்தகையது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது பேசப்பட்ட, கொழுப்புத் தடவிய என்ஃபீல்டு தோட்டாவிலும் அவ்வினக் குண்டே இருந்தது. ஆனால் அது உட்புறம் திருகுபுரி வெட்டிய குழலுக்கே உரியது. புரி அக்குண்டைச் சுழற்றி நேராகச் செலுத்தும். நம் நாட்டுத் துப்பாக்கிகளின் குழல் பெரும்பாலும் வழவழப்பானது. அதில் கூர்முனைக் குண்டு தலைகீழாகப் புரளும். உருண்டைக் குண்டும் அத்தகைய குழலிலிருந்து ஐம்பது கஜத்திற்கு அப்பால் நம்பத்தக்கதன்று.

ஆகவே விடை இது: மிருதுவான ஈயத்தில் வார்த்து, குழலுக்குப் பொருந்தி, துணியில் பொதிந்த ஒற்றை உருண்டை, அதுவும் ஐம்பது கஜத்திற்குள், பகல் வெளிச்சத்தில், பழகிய கையில். இதில் ஒன்று குறைந்தாலும் மான் சாகாது, சித்திரவதைதான் நேரும். இரவில் பயிர்க்காவலுக்கு நிற்பவனிடம் இவற்றில் எத்தனை இருக்கும் என்பதை அங்கத்தினர்களே எண்ணிப் பார்க்கலாம். இருளில் அசைவது மானா, நீர் பாய்ச்ச வந்த அண்டை வயற்காரரா என்பதும் தெரியாது.

சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மானை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. சுடுவது மட்டுமன்று, கண்ணி வைப்பதும் அதற்கான முயற்சியும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களே. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்பிற்கென மருந்துத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வழங்க இடமளிப்பது உண்மையே. ஆயினும் அந்த லைசென்ஸ் மானைச் சுடும் உரிமையைத் தருவதில்லை. பயிரை அழிக்கும் விலங்கைப் பற்றியும் தலைமை வன உயிரினப் பாதுகாவலரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ எழுத்து மூலம் ஆணையிட்டாலன்றி ஒன்றும் செய்தல் கூடாது.

பரணில் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி இருப்பின், அதைத் தாமே துடைத்துப் பழுதுபார்க்க முனைய வேண்டாம். கெட்டித்த மருந்து பல்லாண்டு கழித்தும் வெடிக்கும். குழல் உள்ளே துருப்பிடித்திருந்தாலோ, குண்டு மருந்தின்மேல் அழுந்தாமல் இடைவெளி விட்டு நின்றாலோ குழலே பிளந்து போகும். போலீஸ் நிலையத்திற்குத் தகவல் தந்து தாமதமின்றி ஒப்படைப்பதே முறை.

பயிருக்கு வழி யாது? முள்வேலியை உயர்த்தலாம். பழைய சேலைகளை வயலைச் சுற்றிக் கட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. மனித வாடையும் அசையும் நிறமும் விலங்கைச் சில நாள் தயங்கச் செய்யும். காவல் முறையைப் பத்து நிலக்காரர் சேர்ந்து பங்கிட்டுக்கொண்டால் ஒருவர் பத்து நாளுக்கு ஓர் இரவு விழித்தால் போதும். மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சும் கொடுமை மட்டும் வேண்டவே வேண்டாம். அது மானை மட்டுமன்றி மனிதரையும் கொல்லும். சேதம் நேர்ந்தவுடன் கிராம நிர்வாக அலுவலருக்கும் வனத்துறைக்கும் எழுதி இழப்பீடு கோர வேண்டும். தனித்தனியே அலைவதைவிடச் சங்கத்தின் மூலம் கூட்டு மனுவாகக் கொடுப்பது பயன் தரும்.

பொருந்திய குண்டைத் தேர்ந்தவர்கள் நம் முன்னோர்கள். பொருந்திய வழியைத் தேர்வது நம் கடமை. சேதமுற்ற அங்கத்தினர்கள் நிலத்தின் சர்வே எண்ணுடனும் பயிர் விவரத்துடனும் சங்க அலுவலகத்திற்கு வருவார்களாக.