வில்வத்தில் வாழும் புழு

திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் எழுந்தருளிய ஈசன்மீது சருகு உதிராதிருக்க, மேலே வலை பின்னித் தொண்டு செய்தது ஒரு சிலந்தி. அதே இறைவனை நீராட்டி வழிபட்டு வந்த யானையோ அவ்வலையைக் குப்பையென எண்ணி அழித்தது. அச்சிலந்தியே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழராகி, யானை ஏற இயலாத மாடக்கோயில்களை எழுப்பியது என்பது தலவரலாறு. சிற்றுயிரின் தொண்டு அழுக்காகத் தோன்றுவது அந்த யானையோடு முடிந்துவிடவில்லை. வீட்டுத் தோட்டங்களில், அதிலும் கோடையில், அது அன்றாடம் நிகழ்கிறது.

அக்கினி நட்சத்திரக் காலத்தில் திருச்சியின் வெயில் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். அந்நாட்களில் குழாயடிகளில் தேனீக்கள் மொய்ப்பதைக் கண்டு அஞ்சி விரட்டுவோர் பலர். அவை தாகத்திற்காக மட்டும் வருவதில்லை. இளம்புழுக்கள் வளரும் அடையின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரியிலேயே நிற்க வேண்டும். ஆகவே நீரைக் கொண்டுசென்று அடையின்மேல் மெல்லப் பரப்பி, சிறகால் விசிறிக் கூட்டைக் குளிர்விக்கின்றன. வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடும் அதே உபாயம்!

வாளி நீரில் அவை மூழ்கி மடியும். அகன்ற மண்தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, கற்களின் தலை மூழ்காத அளவு நீர் வார்த்து நிழலில் வைப்பதே நன்று. நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். இல்லையேல் கொசு பெருகும். அணிலும் ஓணானும்கூட அத்தட்டைத் தேடி வரும்.

துளசியில் கதிர் விட்டவுடன் கிள்ளிவிடுவது பல இல்லங்களின் வழக்கம். இலை செழிக்கும் என்பது உண்மையே. எனினும் இரண்டொரு கதிரையேனும் பூக்க விட்டால் தேனீக்கு உணவாகும். தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் அமைத்துத் துளசிமாலை சாற்றிய ஸ்ரீரங்கத்தில் இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

பெரும்பிழை நேர்வது வில்வத்தில்தான். வில்வம், எலுமிச்சை, கறிவேப்பிலை மூன்றும் ஒரே குடும்பத்துத் தாவரங்கள். கருமையில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் கொண்ட எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி இவற்றின் தளிரில் முட்டையிடும். இளம்புழு பறவையின் எச்சம் போலவே தோன்றும். அத்தோற்றத்தால் அது பறவையிடமிருந்து தப்புகிறது. பூசைக்குரிய இலையில் அழுக்கென்று மருந்தடிக்கும் மனிதரிடம் தப்புவதில்லை. அது தின்பது சில இலைகளே. மரம் மீண்டும் துளிர்க்கும். மருந்தோ பூவை நாடி வரும் தேனீயையும் சேர்த்தே கொல்லும். சிறு கன்றாயின், புழுவை இலையோடு எடுத்துப் பெரிய மரத்தில் விடலாம். விநாயகருக்கு மாலையாகும் எருக்கிலும் இவ்வாறே வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது. அவ்விலையின் பாலை மாடும் தீண்டாது. அப்புழுவுக்கோ அதுவே அமுது.

ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015-ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. ஏறத்தாழ 25 ஏக்கர். தேன் தரும் மலர்ச்செடிகளோடு, புழு தின்பதற்கான செடிகளும் அங்கே வளர்க்கப்படுகின்றன. அரங்கனைச் சேவித்தபின் குழந்தைகளுடன் செல்வோர், பறக்கும் சிறகுகளோடு இலையின் அடிப்புறத்தையும் பார்த்து வரலாம். வீட்டு வில்வத்தில் இருப்பது யாதெனப் பிறகு குழந்தைகளே சொல்லிவிடுவர்.

பழைய வீட்டுச் சுவரின் இடுக்கில், பிசினும் மெழுகும் சேர்ந்த சிறு குழல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கக் கூடும். அது கொட்டத் தெரியாத கொசுத்தேனீயின் வாசல். வெள்ளையடிக்க வருபவர் சிமென்டால் அடைக்குமுன், வீட்டுப் பெரியவர் ஒரு சொல் சொன்னால் போதும்.